ஒரே பில்டு ஸ்க்ரிப்ட், மூணு மெஷின்ல மூணு விதமா உடையுது, எப்படி எழுதுறது?

வெண்மேகம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க டீம்ல அஞ்சு பேர். ரெண்டு பேர் விண்டோஸ், ரெண்டு பேர் மேக், நான் உபுண்டு, சிஐ சர்வரும் (புஷ் பண்ற கோடை தானா பில்டு பண்ணி செக் பண்ற மெஷின்) லினக்ஸ்தான். ரியாக்ட் ப்ராஜெக்ட், வைட்ங்கற டூல் வச்சு பில்டு பண்றோம் (எழுதின கோடை ப்ரவுசர்ல ஓடற ஃபைல்களா மாத்தறது), பேக்எண்ட் (சர்வர் பக்கம்) நோட்.ஜேஎஸ். பில்டு ஸ்க்ரிப்ட் நான்தான் எழுதினேன், பேக்கேஜ்.ஜேசன்ல (ப்ராஜெக்ட்டோட செட்டிங்ஸ் ஃபைல்) ஒரே நீள வரி, மொதல்ல "ஆர்எம் -ஆர்எஃப்" போட்டு பழைய பில்டு இருக்கற டிஸ்ட் ஃபோல்டரை அழிக்கும், அப்புறம் என்வி வேரியபிள் (ப்ரோக்ராமுக்கு வெளியேந்து குடுக்கற செட்டிங்) நோட்_என்வி=ப்ரொடக்‌ஷன்னு வச்சு வைட் பில்டு ஓடும், அது முடிஞ்சதும் 'செட்' கமாண்ட் (எஸ்இடி, ஃபைல்ல எழுத்தை தேடி மாத்தறது) வச்சு இண்டெக்ஸ் பக்கத்துல வெர்ஷன் நம்பரை மாத்தும், கடைசியா எல்லாத்தையும் பேக்எண்டோட பப்ளிக் ஃபோல்டருக்கு காப்பி பண்ணும்.

என் மெஷின்ல ஒரு வருஷமா பிரச்சனை இல்லாம ஓடிட்டு இருக்கு. விண்டோஸ்ல ஆர்எம்-னு ஒரு கமாண்டே இல்லைங்குது, அந்த வரியை எடுத்துட்டு ஓட்டினா நோட்_என்வி-ங்கறதும் கமாண்ட் இல்லைன்னு நிக்குது. மேக்ல பில்டு முடிஞ்சு 'செட்' வரியில "எக்ஸ்ட்ரா கேரக்டர்ஸ் அட் தி எண்ட் ஆஃப் டி கமாண்ட்"னு வருது, நான் டி கமாண்ட் எதுவுமே எழுதலையே! இதுக்கு நடுவுல விண்டோஸ்ல இருக்கற ஒருத்தர் டிப்ளாய் ஸ்க்ரிப்ட்ல ஒரே ஒரு வரி மாத்தி புஷ் பண்ணாரு, சிஐல "பாஷ்\ஆர்"னு ஒரு ஃபைல் இல்லன்னு சொல்லி நின்னுடுச்சு. வெள்ளிக்கிழமை ரிலீஸ், அதனால அன்னைக்கு ராத்திரி வரைக்கும் உக்காந்தோம்.

இப்ப ஓஎஸ்க்கு ஒரு ஸ்க்ரிப்ட்னு மூணா பிரிச்சுடலாமான்னு யோசிக்கறேன், இல்ல எல்லாரையும் டாக்கருக்குள்ள (எல்லா மெஷின்லயும் ஒரே சூழலை ஓட்டற டூல்) கொண்டு வந்துடலாமா? பெரிய டீம்ல வேலை செஞ்சவங்க வழி சொல்லுங்க.

டெர்மினல்தோழன்:
மூணா மட்டும் பிரிச்சுடாதீங்க நண்பா. நான் ஒரு ப்ராஜெக்ட்ல அப்படி பிரிச்சு வச்ச ஸ்க்ரிப்டை வாங்கி பாத்திருக்கேன், யார் எந்த ஓஎஸ்ல இருக்காங்களோ அவங்க அவங்களோடதை மட்டும் திருத்துவாங்க, ஆறு மாசத்துல மூணும் மூணு வேற ஆப்பை பில்டு பண்ணிட்டு இருந்துச்சு, ஒண்ணுல சோர்ஸ் மேப் (பில்டு ஆன கோடுல பிழை தேட உதவற ஃபைல்) போகும் இன்னொண்ணுல போகாது.

மொதல்ல ஏன் உடையுதுன்னு சொல்லிடறேன், ஏன்னா காரணம் புரிஞ்சா அடுத்த தடவை எழுதும்போதே கை நிக்கும். என்பிஎம் (நோட்டோட பேக்கேஜ் டூல்) உங்க ஸ்க்ரிப்ட் வரியை தானா படிச்சு ஓட்டுறது கிடையாது, அந்த ஓஎஸ்ல இருக்கற ஷெல் (கமாண்டை வாங்கி ஓட்டற ப்ரோக்ராம்) கையில குடுத்துடும். விண்டோஸ்ல அது சிஎம்டி, மத்ததுல எஸ்ஹெச். சிஎம்டிக்கு வேரியபிளை கமாண்டுக்கு முன்னாடி ஒட்டி எழுதற பழக்கமே தெரியாது, அதனால நோட்_என்வி-ங்கறதையே ஒரு ப்ரோக்ராம் பேர்னு நினைச்சு தேடுது. ஒத்தை மேற்கோள் குறியும் அதுக்கு மேற்கோள் கிடையாது. "&&" ரெண்டுலயும் ஒரே மாதிரி ஓடும், ஆனா ஒத்தை "&" போட்டா லினக்ஸ்ல பின்னணியில ஓட விடும், சிஎம்டில ஒண்ணு முடிஞ்சப்புறம் அடுத்ததுன்னு ஓடும். டெவ் சர்வரையும் வாட்ச்சரையும் சேத்து கிளப்பறவங்க நிறைய பேர் இதுல மாட்டுவாங்க.

அந்த மேக் எர்ரர் இருக்கே, அது பாத்தா புரியாது ஆனா காரணம் நேரானதுதான். லினக்ஸ்ல இருக்கறது க்னூ 'செட்', மேக்ல இருக்கறது பிஎஸ்டி 'செட்'. பிஎஸ்டில "-ஐ"க்கு (ஃபைலை அந்த இடத்துலயே மாத்தச் சொல்ற ஆப்ஷன்) அப்புறம் பேக்கப் ஃபைலுக்கான பின்னொட்டு கட்டாயம் வரணும். நீங்க அது குடுக்கல, அதனால உங்க மாத்து-வரியையே பின்னொட்டுன்னு எடுத்துக்கிச்சு, அடுத்து வந்த "டிஸ்ட்/இண்டெக்ஸ்"ங்கற ஃபைல் பேரை கமாண்டுன்னு படிச்சுது. அதோட மொத எழுத்து டி, 'செட்'ல டி-ன்னா வரியை அழின்னு அர்த்தம், அதுக்கப்புறம் வந்ததெல்லாம் "எக்ஸ்ட்ரா கேரக்டர்ஸ்". உங்க ஃபோல்டருக்கு வேற பேர் இருந்திருந்தா வேற எர்ரர் வந்திருக்கும். அதே மாதிரி மேக்கோட கூடவே வர்ற பாஷ்ங்கற ஷெல் இன்னும் 3.2தான், பாஷ் 4ல வந்த விஷயம் எதையாவது ஸ்க்ரிப்ட்ல போட்டீங்கன்னா அங்க உடையும். உபுண்டுலயும் எஸ்ஹெச்-ங்கறது பாஷ் கிடையாது, 2006ல 6.10 வெர்ஷன்லேந்து டேஷ்ங்கற வேற ஷெல்.

கரைஓரம்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா அந்த வரியில இருக்கற நாலு வேலையும் உங்களுக்கு தேவையான்னு யாரும் கேக்கலையே? வைட் பில்டு போட்டாலே டீஃபால்ட்டா ப்ரொடக்‌ஷன் மோட்லதான் ஓடும், நோட்_என்வி வைக்கவே வேண்டாம். அவுட்புட் ஃபோல்டர் ப்ராஜெக்ட்டுக்கு உள்ளயே இருந்தா பில்டுக்கு முன்னாடி அதுவே காலி பண்ணிடும், ஆர்எம்மும் வேண்டாம். காப்பி பண்றதுக்கு பதிலா வைட் கான்ஃபிக்ல அவுட்டிர்-ஐ (அவுட்புட் எங்க போகணும்ங்கற செட்டிங்) நேரா பேக்எண்டோட பப்ளிக் ஃபோல்டருக்கு திருப்பி விடுங்க, அது ப்ராஜெக்ட் ரூட்டுக்கு வெளிய இருந்தா தானா காலி பண்ணாது, எம்ப்டிஅவுட்டிர்-ஐ ட்ரூன்னு நீங்களே போடணும். அந்த ஃபோல்டர்ல நீங்க கையால வச்ச ஃபைல் எதாவது இருந்தா அதுவும் போயிடும், அதை மொதல்ல பாத்துக்கோங்க.

வெர்ஷன் நம்பருக்கும் 'செட்' வேண்டாம். இண்டெக்ஸ் பக்கத்துல ரெண்டு சதவீதக் குறிக்கு நடுவுல வைட்_ன்னு ஆரம்பிக்கற ஒரு வேரியபிள் பேரை எழுதினா வைட் 4.2லேந்து அதுவே நிரப்பிடும். என்பிஎம் ரன் மூலமா ஓடும்போது பேக்கேஜ் வெர்ஷன் ஒரு என்வி வேரியபிளா ஏற்கனவே கையில இருக்கும், கான்ஃபிக் ஃபைல்ல அதை எடுத்து உங்க வேரியபிள்ல போட்டா முடிஞ்சுது. நாலு வேலை பண்ண வரி ஒரே கமாண்டா சுருங்கிடும், சுருங்குன வரியில உடையறதுக்கு என்ன இருக்கு சொல்லுங்க. நான் எந்த ப்ராஜெக்ட்டுக்கு போனாலும் மொதல்ல பண்றது இதுதான், ஸ்க்ரிப்ட்ல ஒவ்வொரு வரியா எடுத்து இதை டூலே பண்ணுமான்னு டாக்குமெண்டேஷன் பாக்கறது.

அப்பவும் மிஞ்சற வேலை இருக்கும், அதுக்கு ஷெல் வேண்டாம், நோட்லயே ஒரு சின்ன ஃபைல் எழுதுங்க. நோட் எல்லார் மெஷின்லயும் எப்படியும் இருக்குதானே. ஃபோல்டர் அழிக்க நோட்டோட எஃப்எஸ் மாட்யூல்ல ஆர்எம்சிங்க் இருக்கு, நோட் 14.14லேந்து. பாதையை மட்டும் ஸ்லாஷ் போட்டு கையால ஒட்டாதீங்க, பாத் ஜாயின் யூஸ் பண்ணுங்க.

நடுஇரவு:
"பாஷ்\ஆர்" மேட்டரை யாரும் தொடலை. விண்டோஸ் வரி முடிவுல ரெண்டு எழுத்து போடும், லினக்ஸ் ஒண்ணு. ஸ்க்ரிப்டோட மொத வரியில பாஷ்னு முடியற இடத்துல அந்த கூடுதல் எழுத்து ஒட்டிக்கிச்சுன்னா லினக்ஸ் அதையும் சேத்து ப்ரோக்ராம் பேருன்னு தேடும். ஒவ்வொருத்தர் எடிட்டர் செட்டிங்கையும் திருத்திட்டு இருக்காதீங்க, புதுசா ஒருத்தர் சேந்தா திரும்ப வரும். ரெப்போ ரூட்ல கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைல் (ஃபைல்களை கிட் எப்படி கையாளணும்னு சொல்றது) வச்சு எஸ்ஹெச் ஃபைலுக்கெல்லாம் இஓஎல்=எல்எஃப்னு, அதாவது வரி முடிவு லினக்ஸ் மாதிரின்னு, ஒரு வரி போதும்.

இன்னொண்ணு, இது உங்களுக்கு இன்னும் வரல ஆனா வரும். விண்டோஸ்லயும் மேக்லயும் டீஃபால்ட்டா ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காது, லினக்ஸ் பாக்கும். மேக்ல "ஹெடர்"ஐ பெரிய ஹெச் போட்டு இம்போர்ட் பண்ணிருப்பாங்க, ஃபைல் சின்ன ஹெச், அங்க ஓடும், சிஐல ஃபைலே இல்லைன்னு வரும். ஃபைல் பேரை சாதாரணமா ரீநேம் பண்ணா கிட் அந்த மாற்றத்தை கண்டுக்காது, கிட் எம்வி கமாண்ட் வச்சு மாத்துங்க.

பொதிகைநிழல்:
டாக்கர் பத்தி கேட்டீங்களே. வெர்ஷன் குழப்பத்துக்கு டாக்கர் நல்ல மருந்துதான், ஆனா லோக்கல் ஃபோல்டரை அப்படியே கண்டெய்னருக்குள்ள மவுண்ட் பண்ணா மேக்ல இன்ஸ்டால் ஆன நோட்_மாட்யூல்ஸும் (பேக்கேஜ் எல்லாம் இருக்கற ஃபோல்டர்) சேந்து உள்ள போகும், அதுல பீக்ரிப்ட் பேக்கேஜ் மாதிரி நேட்டிவ் பைனரி (அந்தந்த ஓஎஸ்க்குன்னே செஞ்ச ஃபைல்) இருந்தா "இன்வேலிட் இஎல்எஃப் ஹெடர்"னு நிக்கும். நோட்_மாட்யூல்ஸுக்கு மட்டும் தனி வால்யூம் (டாக்கரோட சேமிப்பு இடம்) வைக்கணும். டாக்கர்இக்னோர்லயும் (டாக்கர் விட்டுடவேண்டிய ஃபைல் பட்டியல்) அதை போடுங்க. உங்க அளவு டீமுக்கு பில்டுக்காக மட்டும் டாக்கர் தேவையில்லைங்கறது என் கருத்து. என்விஎம்ஆர்சி ஃபைல்ல நோட் வெர்ஷனை எழுதி வைங்க, சிஐல என்பிஎம் இன்ஸ்டாலுக்கு பதிலா என்பிஎம் சிஐ போடுங்க. அது இருக்கற நோட்_மாட்யூல்ஸை அழிச்சிட்டு லாக் ஃபைல்ல (பேக்கேஜ்களோட சரியான வெர்ஷன் பதிஞ்ச ஃபைல்) இருக்கறதை அப்படியே போடும், பேக்கேஜ்.ஜேசனும் லாக் ஃபைலும் ஒத்துப்போகலைன்னா உடனே நின்னுடும். நிக்கறதுதான் நமக்கு வேணும்.

ஒரு எச்சரிக்கை. வைட்_ன்னு ஆரம்பிக்கற வேரியபிள் எல்லாம் பில்டு ஆகும்போதே ஜாவாஸ்க்ரிப்ட்டுக்குள்ள பதிஞ்சு ப்ரவுசருக்கு போயிடும், யார் வேணும்னாலும் திறந்து படிக்கலாம். தயவுசெஞ்சு சீக்ரெட் கீ எதையும் அதுல வைக்காதீங்க. ஸ்டேஜிங்ல (ரிலீஸுக்கு முன்னாடி சோதிக்கற சர்வர்) டெஸ்ட் பண்ண அதே பில்டை ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்ப முடியாம போறதுக்கும் இதுதான் காரணம், ஏபிஐ அட்ரஸ் உள்ள பதிஞ்சிருக்கும்ல. அதை தனியா ஒரு கான்ஃபிக் ஃபைல்ல வச்சு ஆப் திறக்கும்போது படிக்க வச்சீங்கன்னா ஒரே பில்டு ரெண்டு இடத்துக்கும் போகும்.

வெண்மேகம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு நாள் உக்காந்து மாத்திட்டேன். கரைஓரம் சொன்ன மாதிரி அந்த நீள வரி போயே போச்சு, இப்ப வெறும் வைட் பில்டுதான். மேக் ரெண்டும் ஓகே, சிஐயும் பச்சை. பில்டுக்கு முன்னாடி பேக்எண்டுல டிபெண்டன்சி இன்ஸ்டால் பண்ண நோட்ல ஒரு ஃபைல் எழுதினேன், அது ஸ்பான் (வேற ப்ரோக்ராமை கிளப்பற நோட் ஃபங்ஷன்) வச்சு என்பிஎம்மை கூப்பிடும், விண்டோஸ்ல மட்டும் என்பிஎம்.சிஎம்டின்னு பேர் மாத்தியும் குடுத்துட்டேன், ஆனாலும் "ஈஇன்வால்"னு எர்ரர். பழைய நோட் வச்சிருக்கற இன்னொரு விண்டோஸ் மெஷின்ல ஓடுது.

கரைஓரம்:
அது உங்க தப்பு இல்ல. 2024 ஏப்ரல்ல வந்த நோட் செக்யூரிட்டி ரிலீஸ்லேந்து விண்டோஸ்ல சிஎம்டி, பேட் ஃபைல்களை ஸ்பான்ல நேரா கூப்பிட முடியாது, ஷெல் ஆப்ஷனை ட்ரூன்னு குடுத்தாதான் விடும். ஆனா ஷெல் ட்ரூ போட்டா ஆர்கியுமெண்ட்ல வர்றதை ஷெல் படிக்கும்ங்கறதை மனசுல வச்சுக்கோங்க, யூசர்கிட்டேந்தோ ப்ராஞ்ச் பேர்லேந்தோ வர்ற எதையும் அதுல ஒட்டாதீங்க. நீங்க பண்றது வெறும் "என்பிஎம் சிஐ"தான், அதனால போடலாம்.

அந்த பழைய நோட் மெஷினை அப்டேட் பண்ண சொல்லுங்க, பேக்கேஜ்.ஜேசன்ல இன்ஜின்ஸ் (எந்த நோட் வெர்ஷன் வேணும்ங்கறது) எழுதி என்பிஎம்ஆர்சில (என்பிஎம் செட்டிங்ஸ் ஃபைல்) இன்ஜின்-ஸ்ட்ரிக்ட் ட்ரூ வைங்க, வெர்ஷன் பொருந்தலைன்னா இன்ஸ்டால் பண்ணும்போதே நிப்பாட்டிடும்.

வெண்மேகம்:
ஷெல் ட்ரூ போட்டேன், ஓடிடுச்சு. இன்ஜின்ஸும் சேத்துட்டேன், கிட்ஆட்ரிபியூட்ஸும் உள்ள போயிடுச்சு. அந்த விண்டோஸ் நண்பர் இப்பதான் மொத தடவையா அவர் மெஷின்லேந்தே முழு பில்டும் எடுத்து அனுப்பினாரு.