திடப்படுத்தல் வகுப்புச் சாட்சி: யோசனை தேவை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சுங்கை சிப்புட்டில் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்கு (ஞானஸ்நானம் பெற்று, தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தமாகிறவர்கள்) 5 நிமிடச் சாட்சி, அதாவது கிறிஸ்து தங்கள் வாழ்வில் செய்ததைச் சொல்லும் பேச்சு, எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். அப்போஸ்தலர் 26இல் பவுல் சொல்லும் சாட்சிதான் மாதிரி: பழைய வாழ்வு வசனங்கள் 4–11, சந்திப்பு 12–18, பிறகு நடந்தது 19–23. வழக்கமாகக் கெடுவது முதல் பகுதி. குடியும் சண்டையும் 4 நிமிடத்தைத் தின்றுவிட, கிறிஸ்துவுக்கு ஒரு நிமிடம்தான் மிச்சம். (கேட்பவர்களுக்கும் அதுதான் ருசி!)

பெரிய சிக்கல், தொட்டிலிலிருந்தே சபையில் வளர்ந்தவர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு, மனமாற்றத்துக்கு 1738 மே 24 என்று ஒரு நாள் இருந்தது, அதுவும் குருவானவராகிப் பல ஆண்டு கழித்து. பவுலின் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கோ பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாளின் விசுவாசம்தான் சொல்லப்படுகிறது. நாள் கேட்டு நெருக்கினால் பிள்ளைகள் கதை கட்டிவிடுகிறார்கள். "எப்போது இரட்சிக்கப்பட்டாய்?" என்பதை விட்டு, "இந்த மாதம் யாரை மன்னித்தாய்?" என்று கேட்கலாமா? பயன்படுத்திப் பார்த்த கேள்வித்தாள் இருந்தால் பகிருங்கள், அண்ணன்மாரே, அக்காமாரே.