தினமும் ஓட்டும் 84 டொயோட்டாவுக்கு முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங் போடலாமா?

சேற்றுப்புலி:
1984 டொயோட்டா பிக்கப். சாலிட் ஆக்சில் (இரு முன்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), 35 இன்ச் டயர், முன்னாலும் லாக்கர் (இரு பக்கச் சக்கரமும் சேர்ந்தே சுழலப் பூட்டுவது). கலிஃபோர்னியாவில் ரூபிகான் என்ற பாறைப் பாதைக்காகவே வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டது. இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. பாறை நடுவே லாக்கரைப் போட்டுவிட்டால் திருப்பவே முடிவதில்லை. ஸ்டீயரிங் கியர் பாக்ஸைக் கழற்றிவிட்டு முழு ஹைட்ராலிக் போடப் போகிறேன். தடுப்பவர்கள் உண்டா?

கிரீஸ்கை:
நான் இருக்கிறேன். முழு ஹைட்ராலிக்கில் உன் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்பே கிடையாது, ஆயில் ஹோஸ்தான். ஃப்ரீவேயில் அது வெடித்தால் என்ன செய்வாய்? வளைவு முடிந்தபின் வீல் தானாக நேருக்கும் வராது. தம்பி, உன் வண்டியின் கோளாறே வேறு. 79 முதல் 85 வரை வந்த இந்த வகை வண்டிகளில் பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து நீட்டும் கை) முன்னும் பின்னும் ஆடும். அதில் மாட்டிய டிராக் லிங்க் என்ற தண்டு சேசிஸ் ஓரமாகவே இடது நக்கிளுக்கு (சக்கரத்தோடு திரும்பும் மூட்டு) போகும். லிஃப்ட் போட்டபின் ஆக்சில் இறங்க இறங்க லிங்க் நக்கிளைப் பிடித்து இழுக்கிறது. கிராஸ்ஓவர் போடு. 86 முதல் 95 வரை வந்த ஐஎஃப்எஸ் (முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும்) வண்டியின் பாக்ஸில் ஆர்ம் பக்கவாட்டில் ஆடும்; அதிலிருந்து நீள லிங்க் ஒன்று குறுக்கே வலது நக்கிளுக்கு. லிங்க் படுக்கையாக இருக்கும்வரை இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

மலைஜீப்:
கிங் ஆஃப் தி ஹாமர்ஸ் என்ற பாலைவன, பாறைப் பந்தயத்தில் ஓடும் சாலிட் ஆக்சில் வண்டிகளைப் பாருங்கள், பெரும்பாலும் முழு ஹைட்ராலிக். பாலைவனத்தில் பறக்கிறார்கள். ஹோஸ் வெடிக்கும் என்பதெல்லாம் சும்மா பயமுறுத்தல்.

கிரீஸ்கை:
அவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஹோஸ், ஃபிட்டிங் எல்லாம் தடவிப் பார்க்கிறார்கள். நம் ஆள் ஆயில் மாற்றுவதே நினைவு வந்தால்தான்.

சேற்றுப்புலி:
அண்ணே, அது வேறு கதை :) சரி, கிராஸ்ஓவர் பள்ளத்துக்கு மருந்து. லாக்கருக்கு? அந்த பாக்ஸிலும் ஆர்மைத் திருப்பும் செக்டார் ஷாஃப்ட்தானே முறுக்கிக்கொண்டு போகும்?

பழையபட்டறை:
அதற்குத்தான் ராம் அசிஸ்ட். பாக்ஸில் இரண்டு துளை எடுத்து, இரு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடில் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர். திருப்புகிற பாரத்தை சிலிண்டர் பங்குபோட்டுக்கொள்ளும். ஹோஸ் போனாலும் லிங்க் இருக்கிறது, கை வலித்தாலும் வீடு வந்து சேரலாம்.

அதைவிட முக்கியம், பாக்ஸ் உட்காரும் இடம். சேசிஸ் சட்டம் உள்ளே வெற்றுக் கூடு. வெறும் போல்ட்டை இறுக்கினால் தகடு அமுங்கும், அப்புறம் போல்ட் தளரும், கடைசியில் துளையைச் சுற்றி விரிசல். போல்ட் போகும் துளைக்குள் குழாய் போன்ற ஸ்லீவ் வைத்து வெல்ட் அடித்து, வெளியே பட்டையும் போடுங்கள். வலது நக்கிள் ஆர்மைப் பிடிக்கும் நாலு ஸ்டடும் கிராஸ்ஓவரில் தளரும். கூம்பு வாஷரைத் துடைத்து மாட்டி, டார்க் ரெஞ்சில் இறுக்கி, நட்டில் பெயிண்ட் கோடு போடுங்கள். கோடு விலகினால் உடனே தெரியும்.

மலைஜீப்:
இவ்வளவு வேலைக்கு முழு ஹைட்ராலிக்கே சுலபம்.

கிரீஸ்கை:
டிரெய்லரில் ஏற்றிப் போகிற வண்டி என்றால் நானும் அதையேதான் சொல்வேன். இவர் திங்கட்கிழமை வேலைக்கும் அதிலேயே போகிறாரே.

சேற்றுப்புலி:
டிரெய்லர் விலை பார்த்துவிட்டு வருகிறேன்.