இம்பாக்ட் ரெஞ்ச் டகடகன்னு அடிக்குது, வீல் நட்டு அசையல – அவசரம்

முத்துநகர்_வாசி:
புதுசா வாங்கின கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச், நட்டை அடிச்சு அடிச்சுக் கழட்டற பேட்டரி மெஷின். நட்டுல வச்சா சத்தம் மட்டும்தான், ஒரு இழை கூட நகரல. ஃபுல் சார்ஜ் போட்டாச்சு. டூப்ளிகேட் மெஷினா? காலைல குடும்பத்தோட திருச்செந்தூர் போகணும், சீக்கிரம் சொல்லுங்க.

ரெண்டாம்_கியர்:
என்ன வண்டி? எத்தனை ஆம்பியர் பேட்டரி? நட்டுல மாட்டற சாக்கெட் என்ன? ஒன்னும் சொல்லாம எப்படிச் சொல்றது அண்ணாச்சி?

பேட்டரி_பைத்தியம்:
பேட்டரிதான். கூடவே தர்ற சின்ன பேட்டரில அஞ்சு செல் ஒரே வரிசை. லோடு ஏறினதும் வோல்ட் படுத்துடும். பத்து செல் உள்ளது போடுங்க, சுமை ரெண்டு வரிசையா பிரியும்.

கீழத்தெரு:
ரிவர்ஸ்ல போட்டீங்களா? சிரிக்காதீங்க, நானே கழட்டறேன்னு நினைச்சு பத்து நிமிஷம் முடுக்கியிருக்கேன்.

முத்துநகர்_வாசி:
ரிவர்ஸ்தான். பேட்டரி 48 வோல்ட், அதுல குறை இல்ல.

டார்க்_வாத்தியார்:
போன மாசம்தான் இதையே விலாவாரியா எழுதினேன். இங்க யாரும் தேடிப் படிக்கறதில்ல. சரி, கேட்டுக்கோ தம்பி. செல் ஒன்னு நிறைஞ்சா 4.2 வோல்ட், அஞ்சு செல்லுக்கு 21. ஸ்டிக்கர்ல 48, 88, 128னு என்ன வேணா அச்சடிப்பான். ஆனா டகடக சத்தம் வந்தா மெஷினுக்குள்ள இருக்கற சுத்தியல் ஒழுங்கா அடிக்குதுன்னு அர்த்தம். அந்த அடி நட்டுக்குப் போய்ச் சேரல. நடுவுல என்ன மாட்டியிருக்க?

முத்துநகர்_வாசி:
நடுவுல ஒன்னும் இல்ல. சாக்கெட்டை நீட்டற எக்ஸ்டென்ஷன் கம்பி மட்டும், ஒரு அடி நீளம். அப்பாவோட பழைய சாக்கெட் செட்ல இருந்தது.

ரெண்டாம்_கியர்:
இதுக்குப் பேர் ஒன்னும் இல்லையா! அந்தக் கம்பி ஸ்பிரிங் மாதிரி முறுக்கி முறுக்கி மெஷின் அடிக்கற வேகத்துல ஒரு பங்கை அதுவே தின்னுடும். சாக்கெட்டும் பளபளன்னு குரோமா? அது கையால திருப்பறதுக்கு. இம்பாக்ட் அடில விரிசல் விட்டா சில்லு கண்ணுக்குத்தான் வரும். கருப்பா, கனமா இருக்கற இம்பாக்ட் சாக்கெட் வாங்குங்க, பாதுகாப்புக் கண்ணாடியும் சேர்த்து. சாக்கெட் மாத்தறப்போ பேட்டரியை உருவிடுங்க, விரல் ட்ரிகர்ல பட்டா போச்சு. வண்டி என்னன்னு இன்னும் சொல்லல.

முத்துநகர்_வாசி:
பழைய மாருதி 800. வீடு கடலோரம். போன வருஷம் டயர் கடைல மாட்டினது, அப்புறம் கழட்டவே இல்ல.

கீழத்தெரு:
அப்போ உப்புக் காத்து, துருதான். துரு இளக்கற ஆயிலை ஸ்டட், அதான் நட்டு ஏறற போல்ட், அது முனைல அடிச்சு அரை மணி நேரம் விடுங்க. நான் மாட்டறப்பவே மரைல கிரீஸ் தடவிடுவேன். 20 வருஷமா இந்தத் தொல்லையே இல்ல.

டார்க்_வாத்தியார்:
இந்த யோசனைதான் ஆபத்து. வண்டிப் புத்தகத்துல இருக்கற டார்க், அதாவது முடுக்கற முறுக்கு விசை அளவு, பொதுவா காய்ஞ்ச மரைக்கு. கிரீஸ் வச்சா உரசல் குறையும், அதே டார்க்ல ஸ்டட் கூடுதலா இழுபடும்.

கீழத்தெரு:
எனக்கு ஒரு ஸ்டட் உடைஞ்சதில்ல சார். கடலோரத்துல வண்டி வச்சுப் பாருங்க, அப்புறம் புத்தகம் படிக்கலாம்.

டார்க்_வாத்தியார்:
உடையாதது அதிர்ஷ்டம், அறிவில்ல.

பேட்டரி_பைத்தியம்:
கிரீஸ் சண்டைல பேட்டரியை மறந்துட்டீங்க.

சைக்கிள்_டு_லாரி:
டயர் கடைல வேலை பார்த்தவன் சொல்றேன். துரு பாதி, நாங்க பாதி. கூட்டம் இருந்தா ஏர் கன்னை வச்சு அழுத்திட்டே இருப்போம், டார்க் ரெஞ்ச் சுவர்ல அழகா தொங்கும். தம்பி, ஜாக்கில தூக்காதீங்க. டயர் தரையில இருக்கறப்பவே ஆயில் விட்டு, நீளக் கைப்பிடி போட்டு அசைச்சுப் பாருங்க. மெஷின்ல அஞ்சாறு செகண்ட்ல நகரலன்னா ட்ரிகரை விட்டுடுங்க. மேல அடிச்சா மோட்டார்தான் சுடும்.

முத்துநகர்_வாசி:
எக்ஸ்டென்ஷனை எடுத்தேன். மூணு வந்துடுச்சு. நாலாவது ஸ்டட்டோட முறிஞ்சு வந்துடுச்சு. பஸ்லயே போறோம். நன்றி.

கீழத்தெரு:
அரை மணி நேரம் ஆயில் விட்டீங்களா?

டார்க்_வாத்தியார்:
மீதி மூணை வச்சு வண்டியை எடுத்துடாதே. புது ஸ்டட் போட்டதும் நட்டைக் கையாலயே மரை ஏத்து, எதிரெதிரா முடுக்கு, கடைசி முடுக்கு டார்க் ரெஞ்ச்ல. இம்பாக்ட்ல முடுக்கிட்டு விட்டா அடுத்த வருஷமும் இங்கதான் வந்து நிப்ப.

ரெண்டாம்_கியர்:
அந்தக் குரோம் சாக்கெட்ல விரிசல் இருக்கான்னு ஊர்லேர்ந்து வந்ததும் பாருங்க அண்ணாச்சி.

பேட்டரி_பைத்தியம்:
எத்தனை ஆம்பியர்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.