'லிசன்' என்றால் 'கேள்' ஆகுமா? வழங்கிப் பாடத்துக்கு ஒரு கலைச்சொல்

தருமபுரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

பைத்தானில் எளிய வழங்கி (சர்வர்) ஒன்றை எழுதக் கற்றுத்தரும் பாடம் தயாராகிறது. புதிதாக நிரல் எழுத வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கானது. மொத்த நிரலும் பத்து வரிதான்: சாக்கெட் (இணைப்பின் முனை) உருவாக்கு, பைண்ட் (அதை ஒரு போர்ட் எண்ணோடு கட்டுவது), லிசன், அக்செப்ட் (வந்த இணைப்பை ஏற்பது), ரெசீவ், சென்ட், க்ளோஸ்.

வழங்கி, வாங்கி (கிளையன்ட்) இரண்டும் பழகிய சொற்கள். போர்ட்டுக்குத் 'துறை' போதும். ஒகேனக்கல் பரிசல்துறையைப் பார்த்த பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டாம். ஆறு ஒன்று, துறைகள் பல. எண் 65535 வரை போகும். லினக்ஸில் 1024க்குக் கீழே பிடிக்க வழக்கமாக ரூட் அனுமதி வேண்டும், அதனால் பாடத்தில் 9000 வைத்திருக்கிறோம்.

மாட்டிக்கொண்டது 'லிசன்'. "வழங்கி 9000ஆம் துறையில் கேட்கிறது" என்று எழுதிப் படித்துக் காட்டினால், "என்ன கேட்குது?" என்றுதான் எவரும் திருப்பிக் கேட்பார்கள். தமிழில் காது கொடுப்பதும் கேட்பதுதான், கடன் வாங்கப் போய் நிற்பதும் கேட்பதுதான். இங்கே கேட்கிறவர் வாங்கி, கொடுக்கிறவர் வழங்கி. 'கேள்' என்று போட்டால் யார் எந்தப் பக்கம் என்பதே தலைகீழாகிவிடுகிறது. வேறு சொல் தாருங்கள்.


ஓசூரிலிருந்து:

'காத்திரு' என்றே போடலாமே ஐயா. டிசிபி என்ற இணைப்பு நெறிக்கு 1981இல் வந்த மூல ஆவணம் ஆர்எஃப்சி 793. அதில் டிசிபி நிலைகளின் பட்டியல் இருக்கிறது. லிசன் நிலைக்கு அங்கே தரும் விளக்கமே, எங்கிருந்தாவது இணைப்புக் கோரிக்கை வரக் காத்திருப்பது என்பதுதான். மூலமே அப்படிச் சொல்லும்போது நாம் ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?


ஊத்தங்கரையிலிருந்து:

செவிமடு?


பாலக்கோட்டிலிருந்து:

செவிமடு மேடைத் தமிழ். பிழைச் செய்தியில் வந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதை விடுவோம்.

> 'காத்திரு' என்றே போடலாமே

இதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஆர்எஃப்சி சொல்வது ஒரு நிலையை. நாம் பெயர் வைக்கப்போவது ஒரு அழைப்புக்கு. அந்த லிசன் அழைப்பு காத்திருப்பதே இல்லை. கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொல்லிவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விடும். நிரலை நிறுத்திவைத்துக் காத்திருப்பது அக்செப்ட். 'காத்திரு'வை லிசனுக்குக் கொடுத்துவிட்டால் அக்செப்ட் வரியில் நிரல் ஏன் நிற்கிறது என்று விளக்கச் சொல் இருக்காது.

சந்தேகம் இருந்தால் செய்து பாருங்கள். 127.0.0.1 (இதே கணினி), துறை 9000, பைண்ட். அடுத்து லிசன்(1). அக்செப்ட் எழுத வேண்டாம், அந்த இடத்தில் 300 நொடி தூங்கும்படி ஒரு ஸ்லீப் வையுங்கள். ஓடவிட்டு, வேறு டெர்மினலில் நெட்கேட் என்ற கருவியால், வாங்கியைப் போல, 9000க்கு இணையுங்கள். இணைந்துவிடும்! நிரல் தூங்குகிறது, ஆனாலும் இணைப்பைத் தொடங்கும் மூன்று படிக் கைகுலுக்கலைக் கெர்னலே முடித்துக் கொடுத்துவிட்டது. அந்த நெட்கேட்டில் 'வணக்கம்' என்று அடித்து என்டர் தட்டுங்கள். இப்போது சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை டி, என் கொடிகளோடு ஓட்டினால் வழங்கிப் பக்க வரியில் நிலை எஸ்டாப் (இணைந்தது), ரெசீவ்-க்யூவில் (நிரல் இன்னும் படிக்காத பைட்டுகள்) 22. யூடிஎஃப்-8இல் வணக்கத்துக்கு ஏழு குறிகள், ஆளுக்கு 3 பைட், 21. மிச்சம் ஒன்று என்டர். நம் நிரல் கண்ணைத் திறப்பதற்குள் வணக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் இரண்டு நெட்கேட் திறங்கள். இரண்டாவது இணையும், மூன்றாவது தொங்கும். லிசன்(1) என்றால் ஒன்றுதானே என்று கேட்பார்கள். லினக்ஸ் கொடுத்த எண்ணைவிட ஒன்று கூடுதலாக அனுமதிக்கும். எல் கொடியும் சேர்த்து எஸ்எஸ் ஓட்டினால் லிசன் வரியில் ரெசீவ்-க்யூ 2, சென்ட்-க்யூ 1 என்று தெரியும். லிசன் வரிக்கு மட்டும் இந்த இரண்டுக்கும் பொருளே வேறு: முன்னது ஏற்கப்படாமல் நிற்கும் இணைப்புகள், பின்னது நாம் கொடுத்த வரம்பு. மூன்றாமவருக்கு 'மறுக்கப்பட்டது' என்ற செய்தி வராது என்பதையும் கவனியுங்கள். கெர்னல் அவர் தட்டுவதைக் கண்டுகொள்ளாது, அவர் விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருப்பார். மறுப்பு, அதாவது பிழை 111, வருவது லிசன் செய்யாத துறையில்தான். பைண்ட் மட்டும் செய்துவிட்டு இணைந்து பார்த்தாலும் 111தான்.

ஆக, லிசன் என்பது வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டு, வருகிறவர்களை வரிசையில் நிறுத்தச் சொல்வது. அதில் காதுக்கும் வேலையில்லை, காத்திருப்பும் இல்லை.


போச்சம்பள்ளியிலிருந்து:

பாலக்கோட்டு அக்கா சொல்வதைப் பார்த்தால் சந்தையில் கடை போடுவது மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இங்கே இடம் பிடிப்பது வேறு, கடை போடுவது வேறு. பைண்ட் = இடம் பிடி, லிசன் = கடை போடு. வியாபாரி டீ குடிக்கப் போயிருந்தாலும் கடை போட்டிருந்தால் ஆள் வந்து நிற்கும்.

பைண்டுக்கு இதைவிடப் பொருத்தம் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது. பிழை 98 வருகிறதே, 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்' என்று, அது இன்னொருவர் துண்டு கிடக்கிறது என்பதுதான். நிரலை நிறுத்திவிட்டு உடனே ஓட்டினாலும் 98 வரும். இணைப்பை முதலில் மூடியது வழங்கியாக இருந்தால், அந்தப் பழைய இணைப்பு டைம்-வெய்ட் நிலையில் லினக்ஸில் 60 நொடி கிடக்கும். ஆள் இறங்கிவிட்டார், துண்டு கிடக்கிறது. ரீயூஸ்-அட்ரஸ் விருப்பத்தை 1 ஆக வைத்தால் இந்தத் துண்டைப் பொருட்படுத்தாது. ஆனால் பைண்டுக்கு முந்தைய வரியில் வைக்க வேண்டும். பின்னால் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள்தான் அதிகம்.


தருமபுரியிலிருந்து:

துண்டு உவமை பாடத்துக்குள் போகிறது. பைண்டுக்குத் 'துறை பிடி' என்று எழுதிக்கொள்கிறேன். 'கடை போடு' விளக்கத்துக்குச் சரி, கலைச்சொல்லாக ஓடாது: 'கடை போட்ட சாக்கெட்' என்று ஆவணத்தில் எழுத முடியுமா?

பாலக்கோட்டு மடலிலிருந்தே ஒன்று எடுக்கிறேன். வருகிறவர்களுக்குத் திறப்பதால் லிசன் = 'வரவு திற'. ஊர் எல்லையில் நல்வரவு எழுதுகிறோமே, அந்த வரவு. இதில் எனக்குப் பிடித்தது கிளைச்சொற்கள் தானாக வருவது. லிசன் நிலை 'வரவுநிலை'. லிசன் செய்த சாக்கெட் 'வரவுச் சாக்கெட்', அக்செப்ட் திருப்பித் தரும் புதிய சாக்கெட் 'பேச்சுச் சாக்கெட்'. பேக்லாக், அதாவது ஏற்கப்படாமல் நிற்கும் இணைப்புகளின் வரிசை, 'வரவு வரிசை'.

சாக்கெட் இரண்டு என்பது பெயரிலேயே தெரிவது முக்கியம். புதியவர்கள் ரெசீவை வரவுச் சாக்கெட்டில் கூப்பிட்டுவிட்டுப் பிழை 107, 'இணைப்பு இல்லை', என்று முழிப்பார்கள். இன்னும் சிலர் ஒரு வாங்கியோடு பேசி முடித்ததும் வரவுச் சாக்கெட்டையே மூடிவிடுவார்கள், அடுத்தவருக்கு 111. பேச்சு முடிந்தால் பேச்சுச் சாக்கெட்டைத்தான் மூட வேண்டும் என்று சொன்னால் சொல்லே வழி காட்டிவிடும்.


ஓசூரிலிருந்து:

காத்திருவை விட்டுவிட்டேன், அக்செப்ட் வரிக்கே இருக்கட்டும். இரண்டு ஆட்சேபம். 'வரவு' என்றால் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வருகிறது, வரவு-செலவு. இரண்டாவது, 'போர்ட் ஓப்பன் பண்ணு' என்று இங்கே கம்பெனிகளில் சொல்வது ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் அரண்) வழி விடுவதை. 'துறை திற', 'வரவு திற' இரண்டும் குழம்பாதா?


பாலக்கோட்டிலிருந்து:

முதலாவது பெரிய விஷயமில்லை. நிரலுக்குள் செலவு எங்கும் வராது. இரண்டாவது நியாயமானது. ஃபயர்வாலுக்கு 'துறைக்கு வழிவிடு' என்று வைத்து, 'துறை திற' என்பதைப் பாடம் முழுக்கத் தவிர்த்துவிடலாம். இரண்டையும் ஒரு முறை அருகருகே காட்டுவதும் நல்லது: வரவு திறந்தும் ஃபயர்வால் வழிவிடாவிட்டால் அதே வைஃபையில் இருக்கும் போனிலிருந்து வர முடியாது. 127.0.0.1இல் துறை பிடித்திருந்தால் வழிவிட்டாலும் வர முடியாது, 0.0.0.0 (இந்தக் கணினியின் எல்லா முகவரிகளும்) வேண்டும். முதலில் எஸ்எஸ் பார்த்து முகவரி எது என்று தெரிந்துகொண்டு, பிறகு ஃபயர்வாலைக் குறை சொல்லட்டும்.


ஊத்தங்கரையிலிருந்து:

வரவு திற, சரி. யூடிபி பாடத்தில்?


தருமபுரியிலிருந்து:

அங்கே இந்தச் சொல்லே வராது. யூடிபி இணைப்பு ஏற்படுத்தாமலே பொட்டலம் அனுப்பும் நெறி, அதற்கு லிசன் அழைப்பு கிடையாது. துறை பிடித்த உடனேயே பொட்டலம் வர ஆரம்பித்துவிடும். எஸ்எஸ் பட்டியலிலும் லிசன் என்று காட்டாது, அன்கான் (இணைப்பற்றது) என்றே காட்டும். இரண்டாம் பாட வரைவில் "யூடிபி வழங்கி 9001இல் கேட்கிறது" என்று ஒரு வரி இருந்தது. "9001ஆம் துறையைப் பிடித்திருக்கிறது" என்று மாற்றிவிட்டேன்.