எங்கள் கரையில் எரிவாயு இறக்குமதி முனையம்: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எதைக் கேட்பது?

கேள்வி – நெய்தல்கரை

அனைவருக்கும் வணக்கம். சோழமண்டலக் கரையில் உள்ள சிறிய மீனவக் கிராமம் எங்களுடையது. சென்ற மாதம் ஒரு நிறுவனத்தின் அதிகாரிகள் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடத்தி, கப்பலில் திரவமாக வரும் இயற்கை எரிவாயுவை இறக்கி, மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் அனுப்பும் முனையம் ஒன்றை ஊருக்கு வடக்கே அமைக்கப் போவதாகச் சொன்னார்கள். அவர்கள் விரித்துக் காட்டிய வரைபடத்தில், எங்கள் பெண்கள் நெத்திலி காயவைக்கும் மணல்திட்டு முழுவதும் ‘தரிசு’ என்று குறிக்கப்பட்டிருந்தது. வாயு கசிந்தாலும் காற்றைவிட லேசானது என்பதால் மேலே போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். கப்பல் நிற்கும் நாளில் நாங்கள் எங்கே வலை விடுவது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டதற்கு, “அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்” என்பதே பதிலாக வந்தது.

ஊர் இப்போது இரண்டுபட்டு நிற்கிறது. வேலை கிடைக்கும் என்று இளைஞர்கள் நம்புகிறார்கள். வெடித்துவிடும் என்று மற்றவர்கள் அஞ்சுகிறார்கள். நான் பள்ளி ஆசிரியை என்பதால், அடுத்து நடக்கவிருக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கேட்க வேண்டியவற்றை எழுதித் தரும்படி பஞ்சாயத்தார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் – குளிர்கலன்

அம்மா, மேற்குக் கரையில் இத்தகைய முனையம் ஒன்றில் பல ஆண்டுகள் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி வரை குளிர்வித்தால் அது திரவமாகி, கன அளவு ஏறக்குறைய 600இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்பதால்தான் கப்பலில் ஏற்ற முடிகிறது. மேலே போய்விடும் என்று அவர்கள் சொன்னது பாதி உண்மை. திரவம் சிந்தினால் முதலில் கிளம்பும் குளிர்ந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மார்கழிப் பனிபோல வெண்மையாகத் தரையோடு தவழ்ந்து, சூடேறிய பிறகே மேலே எழும். காற்றில் அதன் அளவு சுமார் 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கும்போது ஒரு தீப்பொறி போதும். ஆகவே அந்த ஆவி எந்தக் காற்றில் எவ்வளவு தூரம் வரும் என்று அவர்களது இடர் ஆய்வில் கணக்கிட்டிருப்பார்கள். அந்தத் தூரத்தை உங்கள் ஊர் வரைபடத்தின் மேல், வீடுகளும் பள்ளிக்கூடமும் தெரியும்படி வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

அதே சமயம், ஊரே வெடித்துவிடும் என்ற அச்சத்தையும் நான் ஊக்குவிக்க மாட்டேன். 1944இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இத்தகைய திரவ எரிவாயுத் தொட்டி உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் குளிரைத் தாங்காத உலோகத்தில் அது செய்யப்பட்டிருந்தது. இன்றைய பெரிய தொட்டிகளில் 9 சதவீத நிக்கல் எஃகாலான உட்கலமும் அதைச் சுற்றிக் கான்கிரீட் சுவரும் இருக்கும்.

எனக்குக் கவலை தருவது கடல்நீர். திரவத்தைச் சூடாக்க, பல முனையங்கள் கடல்நீரைப் பெருமளவில் உறிஞ்சி, சில டிகிரி குளிர்ந்த நிலையில் திரும்ப விடுகின்றன; குழாயில் பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்க அதில் குளோரினும் கலக்கிறார்கள். உறிஞ்சும்போது மீன் முட்டைகளும் குஞ்சுகளும் சேர்ந்தே போகின்றன. மணிக்கு எத்தனை கன மீட்டர், எந்த இடத்தில் எடுத்து எந்த இடத்தில் விடுவார்கள், கடல்நீர் இல்லாத மாற்று முறையை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்று கேளுங்கள். வேலை விஷயத்தில் இளைஞர்களிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுங்கள்: நான் இருந்த இடத்தில் கட்டுமானம் முடிந்த பிறகு உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் காவலும் தோட்ட வேலையும்தான்.

பதில் – காசிமேட்டுக்காரன்

பொறியாளர் ஐயா சொன்னதோடு, மணலைப் பற்றியும் கேளுங்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதன் குறுக்கே கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எர்ணாவூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. புதுச்சேரியிலும் இதே கதைதான். முனையம் உங்கள் ஊருக்கு வடக்கே வருகிறதென்றால், அரிப்பு முதலில் அடுத்த ஊரைத் தாக்கும். அவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். கிழக்குக் கரையின் முதல் முனையமான எண்ணூர், ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவோடு 2019இல், ஏற்கெனவே இருந்த காமராஜர் துறைமுகத்துக்குள்ளேயே அமைந்தது. அப்படியிருக்க, புதிய கரையைத் தேடுவது ஏன் என்பதும் நியாயமான கேள்வியே.

கப்பலைச் சுற்றி எந்தப் படகும் நெருங்கக் கூடாத வளையம் ஒன்று இருக்கும். அதன் அகலம், மாதத்துக்கு எத்தனை கப்பல், ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் நிற்கும் என்ற மூன்றையும் பெருக்கிப் பார்த்தால்தான் உங்கள் பெரியவரின் கேள்விக்கு விடை கிடைக்கும்.

பதில் – மனுநீதி

சட்டப்படி உங்களுக்கு உள்ளவற்றை மட்டும் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கருத்துக் கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நிறுவனம் தயாரிக்கும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் இக்கூட்டத்துக்கு மாவட்ட ஆட்சியரோ அவர் நியமிக்கும் உயர் அலுவலரோ தலைமை தாங்குவார். முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்களின் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அதை வாசிக்கும் வரை யாரும் எழுந்து போகாதீர்கள். சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லிச் சேர்க்கச் செய்யுங்கள். கோஷம் குறிப்பில் ஏறாது, எண்ணோடு கூடிய கேள்வி ஏறும்.

‘தரிசு’ விஷயம் உங்கள் கையில் உள்ள வலுவான ஆதாரம். மீனவர்களின் பொதுச் சொத்துகள், மீன் உலர்த்தும் இடங்கள் ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொல்கிறது.

பதில் – கொங்குநாடன்

எரிவாயு கரையோடு நின்றுவிடுவதில்லை. கொச்சி புதுவைப்பு முனையம் 2013இல் தயாராகியும், மங்களூருவுக்கான குழாய் 2021 ஜனவரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் கொள்ளளவில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. அதே முனையத்திலிருந்து பெங்களூருவுக்குத் திட்டமிட்ட குழாய் எங்கள் மேற்கு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே போவதை எதிர்த்து நாங்கள் போராடியது பலருக்கும் நினைவிருக்கும். எனவே, வாயுவை வாங்குவது யார், குழாய் எந்தச் சர்வே எண்கள் வழியே போகும் என்று எழுத்தில் கேளுங்கள். வாங்க ஆளில்லாத முனையத்துக்கு மணல்திட்டைக் கொடுத்துவிட்டால் உங்கள் ஊருக்கு வேலையும் இல்லை, கருவாடும் இல்லை.

நெய்தல்கரை

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு பஞ்சாயத்தில் இவற்றை வாசித்துக் காட்டினேன். வடக்கே உள்ள அடுத்த ஊருக்கு இருவரை அனுப்ப முடிவாகியிருக்கிறது. நாளை முதல் பதினான்கு ஃபைபர் படகுகள் வலை விடும் இடத்தையும் நேரத்தையும் ஜி.பி.எஸ். கருவியில் குறித்து வரும். நான் அவற்றை ஒரு நோட்டில் ஏற்றுவேன். வேலை வேண்டும் என்று கேட்ட இளைஞர்களில் இருவரே அந்தக் கருவிகளைக் கவனித்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நெத்திலி காயும் திட்டை அளக்க மட்டும் சர்வேயர் ஒருவர் தேவை, அறிந்தவர்கள் தெரிவியுங்கள்.