ஸ்னோஃப்ளேக் ஈல் எதையும் சாப்பிடவில்லை, என்ன செய்யலாம்?

உப்புநீர்_அயனாவரம்:
வணக்கம் நண்பர்களே. கொளத்தூரில் ஒரு வளர்ப்பு மீன் கடையில் ஸ்னோஃப்ளேக் மோரே ஈல் (பாம்பு மாதிரி நீளமான கடல் மீன்) வாங்கி ரெண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். நான் போட்ட எதையும் இதுவரை தொடவில்லை. பெல்லட் தீனி போட்டேன், ஃப்ரோஸன் ப்ரைன் ஷ்ரிம்ப் (உறையவைத்த குட்டி இறால் தீனி) போட்டேன். கடைக்காரர் சொன்னார் என்று உயிரோடு கப்பி மீன்கூட விட்டேன். கப்பி எல்லாம் உப்புத் தண்ணீரில் மேலேயே தவித்துச் செத்ததுதான் மிச்சம்.

தொட்டி 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. சுமார் 250 லிட்டர். லைவ் ராக் (உயிர்கள் ஒட்டி வாழும் கடல் பாறை), கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் இருக்கின்றன. ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ் மீன், ஒரு கிளீனர் இறால் (மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்வது), கொஞ்சம் ஹெர்மிட் நண்டு (காலிச் சங்குக்குள் வாழ்வது). உப்பு அடர்த்தி 1.025, அமோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம், நைட்ரேட் 20. வெப்பம் 29 டிகிரி வரை போகிறது.

பகல் முழுக்கப் பாறை இடுக்கில் தலையை நீட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. மூச்சுத் திணறுகிறதா? பட்டினியில் செத்துப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

நெய்தல்:
வாயைத் திறந்து மூடுவதற்குப் பயப்படாதீர்கள், அது மூச்சு விடுகிறது. மோரேக்களுக்குச் செவுளுக்கு மேலே அகலமான மூடி கிடையாது, கழுத்துப் பக்கம் சின்னதாக ஒரு துளைதான். வாயால் தண்ணீரை இழுத்துத் தள்ளினால்தான் அது வழியாக வெளியே போகும். பொந்தை விட்டு வெளியே கிடந்து வேகவேகமாக இழுத்தால்தான் கவலை.

புது இடத்துக்கு வந்த ஈல் சில வாரம் சாப்பிடாமல் இருப்பது சகஜம். கப்பியை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். நன்னீர் மீனின் கொழுப்பு கடல் மீனுக்கு ஒத்துவராது, நோயையும் கொண்டுவரும். உயிர் மீனைத் துரத்திப் பழகிவிட்டால் நாளைக்கு உங்கள் க்ளவுனுக்கும் ஆபத்து.

ரெண்டு கேள்வி. வயிறு ஒட்டியிருக்கிறதா? தொட்டிக்கு மூடி இருக்கிறதா?

ஃபிஷ்டேங்க்_ராஜா:
ப்ரோ, சாப்பிடலைன்னா உள்ளே ஒட்டுண்ணி இருக்கும். காப்பர் மருந்து ஒரு டோஸ் விட்டுப் பாருங்க, சரியாகிடும்.

ரீஃப்பைத்தியம்:
வேண்டாம், வேண்டவே வேண்டாம். மோரேக்குச் செதில் கிடையாது, தோலில் வெறும் வழவழப்புப் படலம்தான். செதில் மீன் தாங்கும் காப்பர் அளவை இது தாங்காது. போதாக்குறைக்கு மெயின் தொட்டியில் காப்பர் விட்டால் இறால், நண்டு எல்லாம் போய்விடும், லைவ் ராக்கும் காப்பரைக் குடித்து வைத்துக்கொள்ளும். நோய் என்னவென்றே தெரியாமல் மருந்து எதற்கு?

உப்புநீர்_அயனாவரம்:
ரெண்டு பேருக்கும் நன்றி. காப்பர் விடவில்லை. வயிறு ஒட்டவில்லை. சொல்லப்போனால் நடுவில் கொஞ்சம் தடித்தே இருக்கிறது. மூடி கண்ணாடிதான், ஆனால் சூட்டுக்காகப் பாதி திறந்து ஒரு சின்ன ஃபேன் வைத்திருக்கிறேன். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க இப்போதைக்குக் காசில்லை.

இன்னொன்று. கிளீனர் இறால் நாலைந்து நாளாகக் கண்ணில் படவில்லை, சட்டை உரித்துவிட்டு ஒளிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஹெர்மிட் நண்டும் கம்மியாகத்தான் தெரிகிறது. காலிச் சங்கு மட்டும் ஆங்காங்கே கிடக்கிறது.

ரீஃப்பைத்தியம்:
உங்கள் ஈல் பட்டினி கிடக்கவில்லை. ராத்திரி விளக்கை அணைத்ததும் சாப்பிடுகிறது, மெனு அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மற்ற பல மோரேக்கள் மாதிரி ஊசிப்பல் இல்லை இதற்கு. மழுங்கிய பல், நண்டு ஓட்டையும் இறால் ஓட்டையும் நொறுக்குவதற்கென்றே இருப்பது. கடலில் கிளீனர் இறாலை மோரே விட்டுவைக்கும் என்பது உண்மைதான். தொட்டியில் அதை நம்பி உட்கார முடியாது. மிச்சமிருக்கும் ஹெர்மிட்டை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஸ்டாக் தீர்ந்தால் நீங்கள் இடுக்கியில் நீட்டும் தீனிக்குத் தானாக வரும்.

நெய்தல்:
அதேதான். நான் மூடியைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. பாதி திறந்த தொட்டியில் ஈல் நிற்காது. கதவிடுக்கில், சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நிறைய. ஒயர் போகிற ரெண்டு விரல் சந்தே அதற்குப் போதும். இதே ஸ்னோஃப்ளேக் ஈல் தண்ணீருக்கு வெளியேயும் இரையைக் கவ்வி விழுங்கும் என்று 2021-ல் ஆய்வே வந்திருக்கிறது. தண்ணீரை விட்டு வெளியே வர அது யோசிக்கவே யோசிக்காது.

சென்னை வெயிலில் கண்ணாடியை முழுசாக மூடினால் தொட்டி கொதிக்கும், அதுவும் தெரியும். அலுமினியச் சட்டத்தில் கெட்டியான பிளாஸ்டிக் வலை அடித்து மேலே கிளிப் போட்டு இறுக்குங்கள். காற்றும் போகும், ஃபேனும் ஓடும். ஒயர், பைப் போகிற மூலைகளை ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிடுங்கள். ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும்.

ரீஃப்பைத்தியம்:
தீனி விஷயம். காசிமேடு மீன் சந்தையில் நல்ல கடம்பாவும் (ஸ்க்விட்) இறாலும் வாங்கி, நன்றாகக் கழுவி, வாய்க்கு அடங்குகிற துண்டாக நறுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். உப்பு, மஞ்சள் எதுவும் படக்கூடாது. விளக்கு அணைந்து அரைமணி கழித்து, உருகிய ஒரு துண்டை நீளமான மழுங்கிய பிளாஸ்டிக் இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் மெதுவாக ஆட்டுங்கள். கண் மந்தம், மூக்குதான் கூர்மை. அவசரப்பட்டு முகத்தில் குத்தினால் உள்ளே போய்விடும். கையால் கொடுக்காதீர்கள், விரலுக்கும் தீனிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. தின்னாத துண்டை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஒரு ராத்திரி கிடந்தால் அமோனியா ஏறும்.

உப்புநீர்_அயனாவரம்:
அப்டேட். ஹெர்மிட்டை நண்பர் தொட்டிக்கு அனுப்பிவிட்டேன், வலை மூடியும் போட்டாச்சு. முதல் சில ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. நேற்று கடம்பாத் துண்டை நீட்டியதும் மூக்கு நுனியில் இருக்கிற அந்த ரெண்டு மஞ்சள் குழாயும் நிமிர்ந்தன. தலை ரெண்டு பக்கமும் அசைந்து தேடியது. முதல் கடி பாறையில். ரெண்டாவது கடி இடுக்கியில். மூன்றாவதில் துண்டைப் பிடித்துவிட்டது!

ஆனால் ஒன்று புரியவில்லை. வாயை அசைக்காமல் வைத்திருக்கும்போதே துண்டு தானாக உள்ளே நழுவுகிறது. அது எப்படி?

நெய்தல்:
தொண்டைக்குள் இன்னொரு ஜோடி தாடை இருக்கிறது. முன்தாடை இரையைப் பிடித்ததும் அது முன்னால் வந்து கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். பெரும்பாலான மீன்கள் தண்ணீரோடு இரையை உறிஞ்சுகின்றன, பொந்துக்குள் இருக்கிற ஈலுக்கு அந்த வசதி இல்லை. ஆய்வாளர்கள் ரீட்டா மேத்தா, பீட்டர் வெயின்ரைட் இருவரும் 2007-ல் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள்.

உப்புநீர்_அயனாவரம்:
அருமை. இனி தினமும் கொடுக்கலாமா? கிளீனர் இறால் இன்னொன்று வாங்கட்டுமா?

ரீஃப்பைத்தியம்:
தினமும் வேண்டாம். இந்த அளவுக்கு வாரம் ரெண்டு, மூன்று முறை போதும், பெரிதானால் இன்னும் குறைக்கலாம். ஒரே தீனியில் நிற்காதீர்கள். சில வகை இறாலிலும் நெத்திலியிலும் தயமினேஸ் இருக்கிறது, அது வைட்டமின் பி1-ஐ உடைத்துவிடும். கடம்பா, நண்டுக் கால், மட்டிச் சதை என்று மாற்றிக் கொடுங்கள், இடையில் வைட்டமின் சொட்டுகளில் ஊறவைத்தும் கொடுக்கலாம்.

கிளீனர் இறால் வாங்காதீர்கள். அந்தக் காசில் ஒன்றரை அங்குல பி.வி.சி. பைப் ரெண்டு துண்டு வாங்கிப் பாறைக்கு அடியில் வையுங்கள். ரெண்டு அடிக்கு மேல் வளரும், இப்போதிருக்கிற இடுக்கு அதற்குப் பத்தாது.