ராணி ரானியா செய்தது எங்கட பள்ளிக்கூடங்களுக்குப் பொருந்துமோ?

கேள்வி (கிளிநொச்சி): ஜோர்தான் ராணி ரானியா கல்விக்காகவும் இணையத்திலயும் செய்ததில, பழைய மாணவர் சங்கம் ஒண்டு எதைப் பின்பற்றலாம்?

பதில் (முல்லைத்தீவு): 2008 இல அரபு மக்களைப் பற்றின தப்பெண்ணங்களை எழுதி அனுப்பச் சொல்லி, யூடியூப்பிலயே பதில் சொன்னவா. அந்த முறைதான் பெறுமதியானது: முதல்ல கேளுங்கோ, பிறகு பதிவிடுங்கோ. அதே ஆண்டு 'மத்ரசதி' திட்டத்தில அரச பள்ளிகளைத் திருத்தத் தொடங்கினவா. 2014 இல அவாவின்ர அறக்கட்டளை தொடங்கின 'எத்ராக்' எண்ட இணையத் தளத்தின்ர பாடங்கள் அரபியில. எங்கட பிள்ளைகளுக்கு இலங்கைக் கல்வி அமைச்சின்ர இணையப் பாடத் தளமான ஈ-தக்சலாவ தமிழிலயே இருக்கு.

பதில் (மாங்குளம்): இணையத்தில உதவி கேக்கிற பதிவில ஒரு பள்ளி, ஒரு தேவை எண்டு விலைமதிப்போட போடுங்கோ. பொதுவா 'உதவுங்கோ' எண்டால் கணக்குக் குழம்பும், நம்பிக்கை போயிடும். வேலை முடிய பற்றுச்சீட்டையும் அங்கயே ஏத்துங்கோ. பிள்ளைகளின்ர முகம் தெரியிற படமெண்டால் பெற்றோரின்ர எழுத்து அனுமதி கட்டாயம்.

பதில் (கிளிநொச்சி): சிக்னல் இல்லாத ஊருக்குப் பாடக் காணொளியை மெமரி கார்டில குடுக்கலாம்.